சிக்கிய தகடும் சீர்செய்யும் கையும்

இருபது ஆண்டு ஓடிய மகிழுந்து ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதன் பொறி இன்றும் சீராக முழங்குகிறது. முகப்புப் பலகையின் நடுவே விரல் நுழையாத மெல்லிய வாய். அதனுள்ளே ஆறு குறுந்தகடுகள். ஒருநாள் ஓட்டுநர் மூன்றாம் தகட்டைக் கேட்டுப் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே ஏதோ சுழல்கிறது. டக், டக், டக் என மூன்று முறை ஓசை எழுந்து அடங்குகிறது. பிழை என்று திரை அறிவிக்கிறது. தகட்டை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினாலும் அதே ஓசை, அதே அமைதி. பாட்டும் வரவில்லை, தகடும் வரவில்லை.

பணிமனைகளில் சி.டி. சேஞ்சர் என்று வழங்கும் தகடுமாற்றிக்கு மிகுதியாக வரும் நோய் இது. 1990களிலும் 2000களின் முற்பாதியிலும் உருவான வண்டிகள் பலவற்றில் இக்கருவி இன்னும் குடியிருக்கிறது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் இக்காலத்தில் அதனைக் கழற்றி எறிவது எளிது. ஆனால் எறிவதற்கு முன் அதனை ஒருமுறை புரிந்துகொள்வது நன்று. ஒரே பெட்டிக்குள் இருவகைப் பிழைகள் அங்கே நேர்கின்றன. படிப்பதில் நேரும் பிழை ஒன்று; நகர்வதில் நேரும் பிழை மற்றொன்று. முன்னதற்குக் கணிதம் மருந்து கண்டுவிட்டது. பின்னதற்கு மனிதக் கையே மருந்து. இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே பழுதைச் செம்மையாக நீக்குவர்.

ஒளி படிக்கும் ஏடு

குறுந்தகட்டின் விட்டம் 120 மி.மீ.; தடிப்பு 1.2 மி.மீ.; நடுத்துளையின் விட்டம் 15 மி.மீ. நெதர்லாந்தின் பிலிப்சு நிறுவனமும் சப்பானின் சோனி நிறுவனமும் கூடி 1980இல் இந்த இலக்கணத்தை வகுத்தன. 1982 அக்டோபரில் முதல் கருவி சப்பானில் விற்பனைக்கு வந்தது. 1984இலேயே மகிழுந்துக்கென அமைந்த கருவிகளும் வெளிவந்தன.

தகட்டின் உடல் பாலிகார்பனேட் என்னும் தெளிந்த நெகிழி. அதன் ஒரு முகத்தில் நுண்குழிகள் வரிசையாகப் பதிந்து, உள்ளிருந்து வெளிநோக்கி விரியும் ஒரே சுருளாகச் செல்கின்றன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் தொலைவே உண்டு. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். அச்சுருளைப் பிரித்து நேராக நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும். குழிகளின்மேல் அலுமினியப் பூச்சு ஆடிபோல் படர்ந்திருக்கிறது.

லேசர் என்னும் சீரொளி, 780 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக அடியிலிருந்து தகட்டினுள் பாய்கிறது. தகட்டின் புறப்பரப்பைத் தொடும்போது அக்கதிரின் அகலம் ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். 1.2 மி.மீ. தடிப்பைக் கடந்து குழிகளை அடையும்போதோ அது இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவாகக் குவிந்துவிடுகிறது. புறப்பரப்பில் ஒட்டிய ஒரு துகள் அந்த அகன்ற கதிரின் சிறு பங்கையே மறைக்கும். எனவே தூசுக்கு அஞ்சாமல் ஒளி தன் ஏட்டைப் படிக்கிறது. உட்சுற்றைப் படிக்கும்போது தகடு நிமிடத்திற்கு 500 முறை சுழலும். வெளிச்சுற்றை அணுக அணுக 200 முறையாகத் தணியும். கதிரின்முன் தடம் செல்லும் விரைவு எங்கும் ஒன்றாக இருக்கவே இந்த ஏற்பாடு.

ஒலியின் அளவு ஒவ்வொரு நொடியும் 44,100 முறை எடுக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளம்; இட வலச் செவிகளுக்குத் தனித்தனி அளவு. எனவே நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஓடிவர வேண்டும். குலுங்கும் வண்டியில், கீறல் விழுந்த தகட்டில், இத்தனையும் பழுதின்றி வருவது எவ்வாறு?

இங்கேதான் கணிதம் துணைக்கு வருகிறது. 1960இல் அமெரிக்கக் கணிதர்களான இர்விங் ரீடும் குசுதாவ் சாலமனும் ஒரு பிழைதிருத்தக் குறிமுறையை வெளியிட்டனர். யுரேனசுக் கோளின் படங்களை வாயேஜர் 2 விண்கலம் 1986இல் அனுப்பியபோது துணைநின்றது அந்தக் குறிமுறையே. குறுந்தகட்டிலும் அதுவே காவல் காக்கிறது. ஒலிக்குரிய ஒவ்வொரு 24 பைட்டுகளுடன் 8 காப்புப் பைட்டுகள் சேர்ந்து 32 ஆகின்றன. அத்துடன், அடுத்தடுத்து வரவேண்டிய செய்தி இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் விரவி எழுதப்படுகிறது. ஒரு கீறல் ஓரிடத்தை முற்றாக அழித்தாலும், ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்துப்போல் சிறிதே இழப்பு நேர்கிறது. எஞ்சியவற்றைக்கொண்டு இழந்ததைக் கணக்கிட்டுவிடலாம். ஏறத்தாழ 4,000 பிட்டுகள், அதாவது தடத்தின் நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் பாட்டில் குறை தெரியாது. படிக்கும் பகுதிக்கு வாய்த்த பேறு இது. எழுதியவர்கள் தேவைக்கு மிகையாக எழுதி வைத்தார்கள்; அந்த மிகையே மருந்தாயிற்று.

ஆறு தகடுகளின் அடுக்கு

தகடுமாற்றிகள் இருவகை. முதல் வகை வண்டியின் பின்பெட்டியில் படுத்திருக்கும். ஆறு அல்லது பத்துத் தகடுகள் கொண்ட ஒரு கூடு அதனுள் செருகப்படும். இவ்வகையில் சிக்கல் வந்தால் கூட்டையும் அதன் மெல்லிய தட்டுகளையும் முதலில் பார்க்க வேண்டும். வளைந்த ஒரு தட்டு, நீட்டிய நாக்குபோல வெளியே நின்று எல்லாவற்றையும் தடுத்திருக்கும். கருவியைப் படுக்கையாகவோ நிறுத்தியோ பொருத்துவதற்கேற்ப அதன் பக்கங்களில் உள்ள சுருள்வில்களின் நிலையை மாற்றுதல் வேண்டும். அனுப்பும்போது முடுக்கிய காப்புத் திருகுகளைப் பொருத்தும்போது நீக்குதலும் வேண்டும். இவற்றை மறந்ததால் வந்த நோய்களும் உண்டு.

இரண்டாம் வகை முகப்புப் பலகைக்குள்ளேயே அமைவது. 180 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்ட இடத்தில் வானொலி, ஒலிபெருக்கிச் சுற்று, திரை ஆகியவற்றோடு ஆறு தகடுகளும் அடங்க வேண்டும். ஆறு தகடுகளின் மொத்தத் தடிப்பு 7.2 மி.மீ. மட்டுமே. ஆனால் அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துச் சுழற்றவும், அதன் அடியில் படிப்புக் கருவி நுழையவும் இடம் வேண்டும்.

இந்த இடத்தைப் படைக்கும் நுட்பம் வியக்கத்தக்கது. இத்தகைய மாற்றிகள் பலவற்றில் ஒவ்வொரு தகட்டையும் மெல்லிய தட்டு ஒன்று தாங்குகிறது. தட்டுகளின் ஓரங்களில் செங்குத்தான தண்டுகள் நிற்கின்றன. அவற்றில் வெட்டிய திருகுப் பள்ளங்கள் மேலும் கீழும் நெருங்கியும் நடுவில் அகன்றும் செல்கின்றன. தண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சுழலும்போது தட்டுகள் ஏறி இறங்கி, கேட்ட தகட்டினருகே மட்டும் ஒரு வெளி திறக்கிறது. அவ்வெளிக்குள் படிப்புக் கை திரும்பி நுழைகிறது. பூவிதழ்கள் விலகி வண்டுக்கு வழிவிடுவது போன்ற காட்சி அது. தண்டுகளுள் ஒன்று மட்டும் ஒரு பல் பிந்தினால் போதும். தட்டுகள் சாயும், வெளி கோணும், கை முட்டி நிற்கும்.

பொறி தன் இடத்தை மறக்கும்போது

இத்தனை அசைவுகளையும் ஆளும் நுண்செயலிக்குத் தன் உறுப்புகளைக் காணும் கண் இல்லை. வாயிலருகே அகச்சிவப்பு ஒளியுமிழியும் எதிரே ஒளியுணரியும் உண்டு. தகட்டின் விளிம்பு ஒளியை மறைத்தால் தகடு வந்தது என்று அறியும். அசைவின் எல்லைகளில் சிறு சொடுக்கிகள் உண்டு. நெம்புகோல் தொட்டால் எல்லை வந்தது என்று அறியும். இவற்றோடு, எவ்வளவு நேரம் ஆயிற்று என்னும் கணக்கு. அது அறிந்தது இவ்வளவே. இருட்டில் தன் வீட்டிற்குள் நடப்பவர் சுவரைத் தொட்டுத் தொட்டு இடமறிவதுபோல் அது தன் உடலை அறிகிறது.

அறையின் நடுவே யாரோ ஒரு முக்காலியை நகர்த்தி வைத்துவிட்டால் இருளில் நடப்பவர் தடுக்கி விழுவார். தகடுமாற்றியின் சிக்கலும் அத்தகையதே. தட்டு ஐந்தாம் நிலையில் நிற்கிறது என்று நுண்செயலி கொண்டிருக்கும். தட்டோ நான்கிற்கும் ஐந்திற்கும் இடையே நிற்கும். கட்டளையிட்ட நேரத்திற்குள் சொடுக்கி மூடவில்லை என்றால் அது மறுபடி முயல்கிறது. சில முறை முயன்றபின், மின்னோடி எரியாமலும் பற்கள் முறியாமலும் காக்கவேண்டித் தானே நின்றுவிடுகிறது. நாம் கேட்ட மூன்று ஓசை, இடத்தைத் தேடித் தோற்ற மூன்று முயற்சிகள்.

ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த குழியைத் தவறாமல் படிக்கும் கருவி, ஒரு மில்லிமீட்டர் விலகிய தட்டைச் சரிசெய்ய இயலாமல் நிற்கிறது. ஒலிக்குக் காப்புப் பைட்டு உண்டு. பற்சக்கரத்திற்குக் காப்புப் பல் இல்லை.

சிக்கலின் வேர்கள்

தட்டு இடம் மாறுவதற்கு ஏதுக்கள் பல. முதலாவது, தகட்டின்மேல் ஒட்டிய தாள். வீட்டில் பதிவு செய்த தகடுகளுக்கு அழகிய தாள்முகப்பு ஒட்டும் வழக்கம் ஒருகாலத்தில் பரவியிருந்தது. கொளுத்தும் வெயிலில் நிற்கும் வண்டியின் முகப்புப் பலகை 70 பாகை செல்சியசையும் தாண்டும். பாலிகார்பனேட் அவ்வெப்பத்தைத் தாங்கும், பசை தாங்காது. தாளின் ஓரம் எழும்பி, சுருண்டு, உள்ளிழுக்கும் உருளையில் ஒட்டி, தகட்டை வழியிலேயே பிணித்துவிடும்.

இரண்டாவது, அளவு மீறிய தகடு. ஒரு தகடு உள்ளே போகுமுன் இரண்டாம் தகட்டைத் தள்ளுவது, 8 செ.மீ. சிறுதகட்டை நுழைப்பது, வட்டமல்லாத வடிவத் தகடுகளைச் செருகுவது ஆகியவை இதன்பாற்படும். 2004இல் சந்தைக்கு வந்த இருமுகத் தகடுகள் ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிப்புடையவை, மெல்லிய வாய் கொண்ட மாற்றிகள் பலவற்றிற்கு அவை ஒவ்வாதவை. குழந்தைகள் அன்போடு உண்டியலில் இடுவதுபோல் இட்ட காசுகளும் உள்ளே கிடைப்பதுண்டு.

மூன்றாவது, மூப்பு. தகட்டை உள்ளிழுக்கும் இரப்பர் உருளை ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வழவழப்பாகிப் பற்றுதலை இழக்கும். மசகு உலர்ந்து மெழுகாகும். நெகிழிப் பற்சக்கரத்தில் மயிரிழை வெடிப்புத் தோன்றும்.

நான்காவது, மின்குறைவு. தகடு பாதி வழியில் இருக்கும்போது வலுக்குன்றிய மின்கலத்தால் வண்டியைக் கிளப்பினால், மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். நுண்செயலி நினைவிழந்து விழிக்கும். உறுப்புகளோ பாதி வழியிலேயே நிற்கும்.

ஓசை சொல்லும் செய்தி

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் செவியைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மின்னோடி தங்குதடையின்றிச் சுழலும் ஓசை கேட்டும் தகடு அசையவில்லையானால் உருளை வழுக்குகிறது. சீரான இடைவெளியில் டக், டக் என்னும் ஓசை வந்தால் பல் ஒன்று முறிந்திருக்கலாம், அல்லது ஏதோ தடை பற்களைத் தாண்டித் துள்ளவைக்கிறது. மெல்லிய முனகலோடு நின்றுபோனால் மின்னோடி பூட்டுண்டு கிடக்கிறது. ஓசையே இல்லையெனில் முதலில் உருகியைப் பார்க்க வேண்டும். குற்றம் மின்வழியில் இருக்கலாம். கடைசியாக என்ன செய்தோம் என்பதையும் நினைவுகூர வேண்டும். தகடு நுழையும்போது நின்றதா, மாறும்போதா, வெளிவரும்போதா என்பது தெரிந்தால், தேடவேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்.

திறவாமலே செய்யத்தக்கது ஒன்று உண்டு. வண்டி குளிர்ந்திருக்கும் வேளையில், மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து மீண்டும் இணைக்க வேண்டும். நுண்செயலி பழைய நினைவை இழந்து, தொடக்க நிலையைத் தேடி உறுப்புகளை நகர்த்தும். உள்ளே பருப்பொருளாகிய தடை இல்லையெனில் சிக்கல் இத்துடனேயே அவிழக்கூடும். பல வானொலிகள் திருட்டுத் தடுப்பு எண்ணைக் கேட்கும். அதனைக் கையில் வைத்துக்கொண்டே முனையைக் கழற்ற வேண்டும்.

செய்யத்தகாததும் ஒன்று உண்டு. வாய்க்குள் கத்தியையோ அட்டையையோ செருகிக் கிளறக்கூடாது. வாயிலை அடுத்தே உணரிகளும் உருளையும் இருக்கின்றன. நெம்பிய நெம்பில் தட்டு ஒன்று வளைந்தால், எளிய சிக்கல் தீராச் சிக்கலாகிவிடும்.

திறந்தபின்

அசையாத தடை உண்டு என்று தெளிந்தால் கருவியைக் கழற்றுவதே வழி. முகப்புப் பலகையின் அருகே காற்றுப்பைகள் இருப்பதால், மின்கலத்தின் எதிர்முனையை நீக்கி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்தபின்பே கைவைக்க வேண்டும். ஒவ்வொரு திருகும் எவ்விடத்தது என்று படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. நீளமான திருகைக் குட்டையான இடத்தில் முடுக்கினால் அதன் முனை உள்ளே நீட்டி ஒரு புதிய சிக்கலை உண்டாக்கும். மேல்மூடியை நீக்கும் முன் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். சீரொளி உமிழும் இருமுனையம் அச்சிறு மின்பொறியிலும் கெடும் இயல்பினது.

மூடியைத் திறந்தவுடன் எதையும் இழுத்துவிடாமல் விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். எந்தத் தகடு எங்கே நிற்கிறது? தட்டுகள் மட்டமாக உள்ளனவா? படிப்புக் கை வெளியே ஒதுங்கியிருக்கிறதா, உள்ளே நுழைந்திருக்கிறதா? அது உள்ளே இருக்கும்போது தகட்டை இழுப்பது கதவிடுக்கில் சிக்கிய கையை இழுப்பதற்கு ஒப்பாகும்.

உறுப்புகளைப் பின்னோக்கி நகர்த்தும் முறையில் ஓர் இயற்பியல் நுணுக்கம் உண்டு. மின்னோடியின் தண்டில் திருகுபோல் மரை வெட்டி, அது ஒரு பற்சக்கரத்தைக் கடித்துச் சுழற்றும் அமைப்பு இங்கே மிகுதி. வார்ம் கியர் என்று பணியாளர் சொல்வது இதனையே. இவ்வமைப்பில் மரையைச் சுழற்றினால் பற்சக்கரம் சுழலும். பற்சக்கரத்தைச் சுழற்ற முயன்றால் மரை பொதுவாக அசையாது. மரையின் சாய்வு சிறிதாகவும் உராய்வு மிகுந்தும் இருப்பதே இதற்கு ஏது. ஆகவே பெரிய சக்கரத்தைத் திருப்ப முயல்வது பற்களை முறிக்கும் செயல். மின்னோடியின் பக்கத்திலுள்ள மரையையே விரல்நுனியால் சுழற்ற வேண்டும். அங்கே பல சுற்று, இங்கே சிறு நகர்வு. விரல் இடும் மெல்லிய விசை பன்மடங்கு பெருகித் தட்டைச் சேர்கிறது. எனவே விரலுக்குத் தட்டுப்படும் சிறு எதிர்ப்பும் மறுமுனையில் பேரெதிர்ப்பு என்று கொண்டு, உடனே நிறுத்தி, தடையைத் தேட வேண்டும்.

தேடினால் பெரும்பாலும் ஏது எளியதாகவே இருக்கும்: விரல்நகம் அளவு தாள்கிழிசல், ஒன்றோடொன்று ஒட்டிய இரு தகடுகள், கழன்று விழுந்த சுருள்வில். சிறு இடுக்கியால் அதனை மெல்ல எடுத்தபின், தகடுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக விடுவிக்கலாம்.

மீண்டும் ஒருமை

தடையை நீக்கினால் பாதி வேலை முடிந்தது. இடம் மறந்த உறுப்புகளை மீண்டும் ஒருமைப்படுத்துவது மறுபாதி. பற்சக்கரங்களை உற்றுநோக்கினால் சிறு துளையோ முக்கோணக் குறியோ தென்படும். தொடக்க நிலையில் ஒரு சக்கரத்தின் குறியும் அடுத்ததன் குறியும் நேர்நேராக நிற்க வேண்டும் என்பது வடிவமைத்தவர் விட்டுச்சென்ற செய்தி. அவற்றை நேர்நிறுத்திய பின்னரே நுண்செயலியின் எண்ணமும் பொறியின் உடலும் ஒன்றாகும்.

உருளையை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்ந்த, நூல் உதிராத துணியால் துடைத்து உலரவிட வேண்டும். பெட்ரோலும் தின்னர் என்னும் மெல்லியும் இரப்பரையும் நெகிழியையும் கெடுக்கும். உலர்ந்த மசகை நீக்கி, நெகிழிக்கு ஏற்ற மசகை மெல்லிய படலமாக இட வேண்டும். உருளையிலோ ஒளியைக் குவிக்கும் வில்லையிலோ ஒரு துளியும் படலாகாது. பல் முறிந்த சக்கரத்தைப் பசையிட்டு ஒட்டுவது நிலைக்காது. ஒரே உள்ளமைப்பைப் பல வண்டிகளுக்கு வழங்கிய நிறுவனங்கள் இருந்ததால், கழிந்த கருவியொன்றிலிருந்து அதே உறுப்பை எடுத்துப் பொருத்த வழி கிடைக்கக்கூடும்.

ஓட்டிப் பார்க்கும்போது மூடி மூடியிருக்கட்டும். கூரிய விளக்கொளி உள்ளே புகுந்தால் ஒளியுணரிகள் மயங்கி இல்லாத தகட்டை இருப்பதாகச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத சீரொளி நம் கண்ணைத் தாக்காமலிருக்கவும் மூடியே காப்பு. முதலில் தாள் ஒட்டாத ஒரே தகட்டை இட்டு வெளியே எடுக்க வேண்டும். பிறகு இரண்டு, பிறகு ஆறு. ஆறு நிலைகளிலும் தடையின்றி நகர்ந்தபின் கருவியை வண்டியில் பூட்டலாம்.

கணிதம் தகட்டின் ஒவ்வொரு 32 பைட்டிலும் எட்டினைப் பிழைக்கென்று ஒதுக்கி வைத்தது. முன்கூட்டியே மன்னிப்பை எழுதி வைத்த நூல் அது. பற்சக்கரங்களுக்கு அத்தகைய மன்னிப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. வடிவமைத்தவர் ஒரு துளையையும் ஒரு முக்கோணத்தையும் குறித்துவிட்டு, பின்னாளில் வரும் ஒரு கையை நம்பிச் சென்றார். விசையைக் குறைத்து, ஓசையைக் கேட்டு, மரையை விரல்நுனியால் சுழற்றும் கை அது. மூடியைத் திறந்து அக்குறிகளை நேர்நிறுத்தும் நாளில், பொறிக்கு வாய்க்காத பிழைதிருத்தத்தை நாமே அதற்கு அளிக்கிறோம். அதன்பின் பொத்தானை அழுத்துகிறோம். தட்டுகள் விலகுகின்றன, கை நுழைகிறது, தகடு சுழலத் தொடங்குகிறது. இம்முறை மூன்று ஓசை இல்லை. மூன்றாம் தகட்டின் முதற்பாட்டு ஒலிக்கிறது.